மதுராவின் இரண்டாவது இரத்தப் பரிசோதனை

4 பெப்ரவரி, செவ்வாய்
விடியவே தூறல். குழந்தையின் துணி எல்லாம் ஹீற்றர் மேலே.

பிள்ளைப்பேற்றுக்கு லண்டனுக்கு என்னிடம் வந்திருக்கும் மகள் மதுராவின் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. பாதரசம் அளவுக்கு மேல். கானாவில் அவளும் மருமகனும் இருந்த சுரங்க ஊரில், கிணற்றுத் தண்ணீர் குடிக்க வேண்டாம் என்று போன மாதம்தான் அறிவித்தார்களாம். பொன் பிரிக்கிறவர்கள் மண்ணில் பாதரசம் ஊற்றிப் பிசைவார்களாம். மிச்சம் ஓடைக்கு, அங்கிருந்து நிலத்துக்குள். இரண்டு வருடம் அந்தத் தண்ணீர். வயிற்றில் பேத்தி மீரா இருந்தபோதும்.

"கொதிக்க வைச்சுத்தானே குடிச்சனாங்கள், அப்பா."

சாயத்தண்ணீரைக் கொதிக்க வைத்தால் சாயம் போகுமா? முன்பு விஞ்ஞான வகுப்பில் நான் சொன்ன உதாரணம். ஆனாலும் ஞாயிறுதோறும் போனில் "கொதிக்க வைச்சுக் குடி பிள்ளை" என்றது நான்தான்.

டொக்டர்: தண்ணீர் மாறிவிட்டது, இனிக் குறையும். பால் கொடுக்கலாம். ஒரு மாதத்தில் திரும்பச் சோதிப்போம்.

8 பெப்ரவரி, சனி
வாங்க வேண்டியது: குழந்தைக்கு நெப்பி, உள்ளி, முருங்கையிலை, பால்சுறா.

பக்கத்து வீட்டுப் பரமேஸ் அக்கா மதிலுக்கு மேலால்: "வாத்தியார், பிள்ளைப்பெத்தவளுக்குப் பால் வத்தப்படாது. கிழமைக்கு மூண்டு தரம் சுறா வறை குடுங்கோ. உங்கட மனுசி இருந்தா சும்மா விட்டிருப்பாவோ?"

மனைவி சரோ போய் நாலு வருடம். அவள் செய்யவேண்டியதை நான் செய்தேன். அவித்து, முள் நீக்கி, உதிர்த்து, தேங்காய்ப்பூவோடு வறுத்தெடுத்தேன். கொஞ்சம் அடிப்பிடித்தது.

"அப்பா, இது வறையோ, மரத்தூளோ?"

ஆனாலும் கோப்பையை வழித்துத் தின்றாள். சந்தோஷம்.

23 பெப்ரவரி, ஞாயிறு
குளிர். வெயில் மாதிரி ஒன்று.

மீராவின் கண் என் விரலோடு திரும்புகிறதா? திரும்பியது. சாவிக்கொத்தை ஆட்டினேன். திடுக்கிட்டாள். நல்லது. பின்னேரம் மறுபடி.

"அப்பா, அவளுக்குச் சோதினை வைக்கிறதை நிப்பாட்டுங்கோ. ஏழு கிழமைப் பிள்ளை."

ஈரச் சீமெந்தில் கோழி நடந்தாலும் தடம். காய்ந்த பிறகு மாடு நடந்தாலும் இல்லை. பிள்ளையின் மூளை ஈரம்.

18 மார்ச், செவ்வாய்
மதுராவின் இரண்டாவது சோதனை முடிவு. பாதரசம் குறையவில்லை. கூடியிருக்கிறது.

பஸ்ஸில் திரும்பினோம். வீட்டுக்கு வந்து மதுரா கோட்டும் கழற்றாமல்: "லண்டன் தண்ணியிலயும் இருக்கோ?"

தண்ணீர்க் கேத்தலைப் பார்த்தேன். குழாயின் அடியைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது? மீராவுக்கும் வியாழன் இரத்தம் எடுக்க வேணுமாம். 

19 மார்ச், புதன்
பாதரசம் எங்கிருந்து வருகிறதென்று கேட்க நேர்ஸ் போனில். மதுரா ஸ்பீக்கரில் போட்டாள்.

உடைந்த வெப்பமானி? இல்லை. பல்லில் அடைப்பு? இல்லை. வெள்ளையாக்கும் கிரீம்? இல்லை. மீன்?

"நிறைய. அப்பா சமைப்பார்."

"என்ன மீன்?"

"சுறா."

அந்தப் பக்கம் தட்டெழுதும் சத்தம். பிறகு: "கிழமைக்கு எத்தனை தரம்?"

மூன்று. ஆறு கிழமையாக.

நேர்ஸ் பொறுமையாக விளங்கப்படுத்தினார். கடலிலும் பாதரசம் உண்டு, சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்னச் சேர்ந்துகொண்டே போகும், சுறாவில் மிகக் கூட. முப்பது வருடம் கரும்பலகையில் நான் கீறிய படம். பாசி, அம்பு, சின்ன மீன், அம்பு, பெரிய மீன். அம்புக்குறி தலைகீழாய்ப் போட்ட பிள்ளைக்குப் புள்ளி குறைத்திருக்கிறேன்.

"அப்பாவுக்கு உது தெரியாது," என்றாள் மதுரா நேர்ஸிடம்.

தெரியும். அதுதான் பிழை.

ஃபிரீஸரில் இன்னும் இரண்டு பொதி சுறா. வெளிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். இங்கே இரவில் நரி வந்து கிளறும் என்று திரும்பப் போய் மூடிமேல் கல் வைத்தேன். பரமேஸ் அக்கா கூப்பிட்டார். கேளாதது போல் உள்ளே வந்துவிட்டேன்.

20 மார்ச், வியாழன்
காற்று. மீராவின் தொப்பி பறக்க, வழிப்போக்கர் ஒருவர் பிடித்துத் தந்தார்.

இரத்தம் எடுக்க மீராவின் குதிகாலில் இரண்டு தரம் குத்தினார்கள். காலை நான்தான் பிடித்துக்கொண்டேன். இவ்வளவு சின்னக் கால். முடிவு வர ஒரு கிழமைக்கு மேலாகுமாம்.

வெளியே கதிரையில் இருந்தபோது மீரா பசியில் கத்தினாள். மதுரா என்னைப் பார்த்தாள்.

"பால் குடுக்கட்டோ அப்பா? சொல்லுங்கோ."

வாய் திறந்தேன். கிணற்றுத் தண்ணீரைக் குடி என்றும் சுறாவைத் தின் என்றும் சொன்ன அதே வாய்.

"எனக்குத் தெரியாது பிள்ளை. உள்ள போய்க் கேள்."

கேட்டு வந்தாள். சுறாவை மட்டும் நிறுத்தச் சொன்னார்களாம், பாலை இல்லை. கோட்டைத் திறந்து பிள்ளையை அணைத்தாள். மீரா விழுங்கும் ஒவ்வொரு மடக்கும் எனக்குக் கேட்டது.