கொசு மாதிரி ஒரு சத்தம்

மார்ச் 3, ஞாயிறு

பழைய வண்டிக்காரர்கள் பதினோரு பேரும் இன்று பேக்கரிக்குப் பின்னால் இருக்கும் முற்றத்தில் கூடினோம். பதினோரு வண்டி, பதினோரு எண்ணெய்க் கறை. எண்ணெய் சொட்டும் இடத்தில் போட அவரவர் வீட்டு அட்டையை அவரவரே கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் சட்டம்.

முடிதிருத்துபவர் மறுபடியும் அந்தக் கதையை ஆரம்பித்தார். கிக்கரை அரை உதை உதைத்தாராம். டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் தலைகீழாகச் சுழல ஆரம்பித்ததாம். இவர் அது தெரியாமல் முதல் கியரைப் போட, வண்டி பின்னால் பாய்ந்து அவர் கடைக் கண்ணாடியையே உடைத்துவிட்டதாம். வருஷா வருஷம் அந்தக் கண்ணாடி பெரிதாகிக்கொண்டே போகிறது. டிராயிங் மாஸ்டரின் வண்டிக்கு எஞ்சினை அணைத்தால்தான் நியூட்ரல் விழும். சிக்னலில் ஒவ்வொரு முறையும் அணைத்து, விழவைத்து, மறுபடி உதைத்து... "கல்யாணம் பண்ணா பொறுமை வரும்பாங்க, எனக்கு இவளாலதான் வந்துச்சு" என்று டேங்கைத் தட்டினார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அப்புறம் பேக்கரிக்காரர் கூப்பிட்டார். "ஸ்டெத் அக்கா, பதினாறாம் தேதி மலைப் பயணம். நம்ம வண்டிக்கு ஒரு தடவை காது குடுங்க." முப்பது வருஷமாக இது என் வேலை. நீளமான திருப்புளியின் முனையை எஞ்சின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்தினால் உள்ளே நடப்பதெல்லாம் கேட்கும். ஸ்டெதஸ்கோப் என்று பெயர் வைத்தார்கள், அது தேய்ந்து ஸ்டெத் ஆகிவிட்டது.

அவர் மனைவி கை மாவைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "பின்னாடி உக்காந்தா கொசு மாதிரி ஒரு சத்தம் கேக்குது அக்கா." எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சுத்தமான எஞ்சின். "ஹெல்மெட்ல காத்து புகுந்தா அப்படித்தான்மா இருக்கும். பயப்படாம போயிட்டு வா" என்றேன். அக்காவே சொல்லியாச்சு, அப்புறம் என்ன என்று எல்லோரும் அவளைக் கிண்டல் செய்தார்கள். அவளும் சிரித்தாள்.

மார்ச் 5

என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். அக்குளில் தெர்மாமீட்டரை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அது கத்தவே இல்லை. பேட்டரி போச்சு போல என்றேன். இவர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "அது கத்தி அஞ்சு நிமிஷம் ஆச்சு. எந்த உலகத்துல இருக்க?"

இந்த உலகத்தில்தான் இருந்தேன். ஒரு அடி தள்ளி.

மார்ச் 6, புதன்

இவர் தூங்கும்போது தெர்மாமீட்டரை எடுத்து என் வாயில் வைத்துக்கொண்டேன். எண் மின்னியது. சத்தம் இல்லை. காதுக்குப் பக்கத்தில் பிடித்தேன், இடது, வலது. இல்லை. ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்து நின்றேன். படுக்கையறையிலிருந்து இவர் குரல்: "ஏய், அதை மூடேன், அந்தக் கீச்சு உயிரை வாங்குது!"

அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை நான் என்னத்தைக் கேட்டேன்?

எஞ்சினுக்குள் சுழலும் தண்டைத் தாங்கும் கிராங்க் பேரிங் எண்ணெய் இல்லாமல் வறண்டு போனால் தடதடவென்று சத்தம் வராது. மெல்லிசாக, உச்சத்தில், ஒரு ரீங்காரம்தான் வரும். அவள் சொன்னது காற்று இல்லை. அவளுக்குக் கேட்டிருக்கிறது. நான்தான் இல்லை என்று சொன்னேன்.

மார்ச் 8

காது பரிசோதனை. ஒரு சின்ன அறை, தலையில் மாட்டும் கருவி, கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். முதலில் சரியாகத்தான் இருந்தது. அப்புறம் ரொம்ப நேரம் அமைதி. பயம் வந்துவிட்டது. குத்துமதிப்பாக அழுத்த ஆரம்பித்தேன், பரீட்சையில் காப்பியடிப்பதுபோல. பரிசோதனை செய்யும் பெண் கதவைத் திறந்து, "அம்மா, நான் இப்ப சத்தமே குடுக்கல" என்றாள். ஐம்பத்தெட்டு வயதில் இப்படி ஒரு அவமானம்.

"மெஷின் சத்தத்துல வேலை பாத்தீங்களா?" இருபத்தாறு வருஷம், நூல் மில்லில். வண்டியைப் பற்றிச் சொல்லவில்லை. உச்ச சுருதிகள் இரண்டு காதிலும் போய்விட்டன. பேச்சு கேட்கும். போனது ஒரு நாளில் போனதில்லை, சில வருஷங்களாகவே இருக்கும் என்றாள். சில வருஷம்! அதற்குள் எத்தனை வண்டிக்கு "சுத்தம்" என்று சொல்லியிருப்பேன்?

மார்ச் 9

பேக்கரிக்காரருக்குப் போன் செய்தேன். உண்மையைச் சொல்லத்தான் எடுத்தேன், சத்தியமாக. வாயில் வந்தது வேறு. "பெட்ரோல்ல எண்ணெய கொஞ்சம் கூடக் கலந்துக்கங்க. இறக்கத்துல மெதுவா வாங்க."

"ஏன்க்கா, எங்கம்மா மாதிரி பேசறீங்க?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். தூ.

மார்ச் 11

மலை ஏறும்போது ஒன்றும் ஆகாது. இறக்கத்தில்தான். ஆக்சிலேட்டரை மூடினால் பெட்ரோல் குறையும், பெட்ரோலோடு போகும் எண்ணெயும் குறையும். ஏற்கெனவே வறண்ட பேரிங் அப்போதுதான் உடையும், எஞ்சின் இறுகிப் பிடித்துக்கொள்ளும், பின்சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். உடனே கிளட்சைப் பிடித்துச் சக்கரத்தை விடுவிக்கத்தான் எங்கள் ஆட்கள் அதன்மேல் எப்போதும் இரண்டு விரல் வைத்திருப்பார்கள். சமதளத்தில் இரண்டு விரல் போதும். கொண்டையூசி வளைவில், பின்னால் மனைவி உட்கார்ந்திருக்க?

மார்ச் 12

பேக்கரிக்காரர் இல்லாத நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். அவர் மனைவி எடுத்தாள். சும்மா கேட்பதுபோலக் கேட்டேன், அந்தச் சத்தம் இன்னும் வருதா என்று.

"இல்லக்கா. நீங்க ஒண்ணுமில்லன்னு சொன்ன பிறகு எனக்கும் கேக்கறதில்ல."

அவள் காதையும் நான் பிடுங்கிவிட்டேன்.

மார்ச் 13

இவரிடம் சொன்னேன். இவருக்கு வண்டியும் தெரியாது, எஞ்சினும் தெரியாது. அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி: "இன்னும் ஏன் சொல்லல?"

ஏன் சொல்லவில்லை? ஸ்டெத் இல்லாவிட்டால் அந்த முற்றத்தில் நான் யார்? ரிட்டயர்டு ஆன ஒரு பொம்பளை, ஒரு பழைய வண்டி. அவ்வளவுதான். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஒரு பட்டப்பெயருக்காக ரெண்டு உயிர வெச்சு வெளையாடுறேனே... சீ.

மார்ச் 14

போகவில்லை. சொல்லிவிடலாம் என்று பேக்கரித் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பிவிட்டேன்.

மார்ச் 15, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

காலை பத்து மணி. பேக்கரிக்காரர் ரொட்டித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். "நாளைக்கு அந்த வண்டியில போகாதீங்க. எனக்குக் காது போச்சு. அன்னைக்கு எனக்கு ஒண்ணும் கேக்கல. உங்க மனைவி சொன்னதுதான் நிஜம்னு நினைக்கிறேன்." ஒரே மூச்சில் சொன்னேன்.

"விளையாடறீங்களா அக்கா?" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "எப்போலேருந்து தெரியும்?"

"போன வாரம் புதன்கிழமை."

தட்டைக் கீழே வைத்தார். நாட்களை விரல் விட்டு எண்ணினார், சத்தமாக. ஒன்பது. அடுப்படியிலிருந்து அவர் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

மார்ச் 17

நேற்று யாருமே மலைக்குப் போகவில்லை. மெக்கானிக் பேக்கரிக்காரர் வண்டியின் எஞ்சினைப் பிரித்துவிட்டார். பேரிங் குண்டுகளைப் பிடித்து வைத்திருக்கும் வளையம் மூன்று இடத்தில் விரிசல், ஓரிடத்தில் உடைந்தே போயிருக்கிறது. "இறக்கத்துல நிச்சயம் பிடிச்சிருக்கும்" என்றாராம். போட்டோ வந்தது. பார்த்துவிட்டுக் குளியலறையில் போய் அழுதேன்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் செய்தியாகக் கொட்டுகிறது. ஸ்டெத் அக்கா தெய்வம், ஸ்டெத் அக்கா காப்பாத்திட்டாங்க. நடந்தது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. பேக்கரிக்காரர் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டிருக்கிறார், அதுதான் இன்னும் சுடுகிறது. மத்தியானம் நானே எழுதினேன்: எனக்குக் காது கேட்கவில்லை, ஒன்பது நாள் மறைத்தேன், கண்டுபிடித்தது அவர் மனைவி. நான் கடந்த சில வருஷத்தில் பார்த்த வண்டிகளையெல்லாம் வேறு யாரிடமாவது காட்டுங்கள்.

அதற்குப் பிறகு குழுவில் ஒரே அமைதி.

மார்ச் 24, ஞாயிறு

முற்றத்துக்குப் போனேன். முடிதிருத்துபவர் மட்டும் அட்டையை நகர்த்தி இடம் விட்டார். கிளம்பும்போது பேக்கரிக்காரர் வாசல் வரை வந்தார்.

"காது போனதுக்குக் கோவமில்லக்கா. யாருக்கும் போகும். என் பொண்டாட்டி பின்னாடி உக்காரப் போறான்னு தெரிஞ்சும் ஒம்போது நாள் சும்மா இருந்தீங்களே, அதைத்தான் ஜீரணிக்க முடியல."

தலையை ஆட்டினேன்.

ஏப்ரல் 2

காதுக் கருவி மாட்டியாயிற்று. ஃப்ரிட்ஜ் கேட்கிறது. இவர் குறட்டையும் துல்லியமாகக் கேட்கிறது, அது இலவச இணைப்பு. ஆனால் கருவி காற்றில் வரும் சத்தத்தைத்தான் பெருக்கும், திருப்புளியை எலும்பில் அழுத்தினால் பிரயோஜனமில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

பேக்கரிக்காரர் மனைவி தனியாக என் வீட்டுக்கு வந்தாள். நான் எதிர்பார்க்கவில்லை. "அவருக்கு இன்னும் ஆறல. ஆறும், விடுங்க" என்றாள். "எனக்கு என்மேலதான் கோவம்க்கா. என் காதுல கேட்டுச்சு. கேக்கலன்னு நானே சொல்லிக்கிட்டேன்."

என் வண்டியை வெளியே உருட்டினேன். மூன்றாவது உதையில் எடுத்தது. திருப்புளியை அவள் கையில் கொடுத்தேன். "எனக்கு இதெல்லாம் தெரியாதேக்கா" என்று பதறினாள். தெரிய வேண்டாம், கேட்கிறதைச் சொல் என்றேன். குனிந்து கேட்டாள். இடம் மாற்றி மறுபடி கேட்டாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"சொல்லட்டுமா?"

"சொல்லு."

"தகரத்துல மணல் விழற மாதிரி இருக்கு."

எனக்கு ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. போன வாரம்தான் நாற்பது கிலோமீட்டர் போய்வந்தேன், அருமையாக இருந்தது. அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். எஞ்சினை அணைத்தேன்.

"எந்த எடத்துல?" என்று கேட்டேன்.

அவள் விரல் வைத்த இடத்தைச் சுற்றிச் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டேன்.