படச்சுருள் போடாத காமிரா

இன்று காலை ஸ்டூடியோவில் ஃபிலிம் ஒட்டுகிற அறைக்குள் நுழைந்ததுமே அந்தப் பசையின் வாடை மூக்கில் ஏறியது. அழுகின வாழைப்பழ வாடை. உனக்கு அது ஆகாது. "இன்னா நைனா, பழக்கடைக் குப்பைல உக்காந்துகினு கீற மாரி கீது" என்று மூக்கைப் பொத்திக்கொள்வாய். நாம் படித்த சினிமா வகுப்பில் இப்போது படிக்கிற இரண்டு பேர் தங்கள் முதல் படத்தோடு வந்திருந்தார்கள். போட்டுப் பார்த்தேன். கபாலீசுவரர் கோபுரம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடுகிறது. ஆட்களுக்குத் தலையே இல்லை. "எப்படி சார் இருக்கு?" என்று ஆசையாகக் கேட்டார்கள். எங்களுடையது இதைவிட மோசம் என்று சொல்ல வாயெடுத்தேன். கூட இருந்தது யார் என்று கேட்பார்கள், அவர் இப்போது எங்கே என்பார்கள். நீ செத்து ஆறு மாசம் ஆகிறது. போகப் போகச் சரியாகும் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன்.

நம் முதல் படம் உனக்கு ஞாபகம் இருக்குமே. யுத்தம் முடிந்த மறு வருஷம், ஃபிலிமுக்குக் கடுமையான தட்டுப்பாடு. இரண்டு பேருக்கு ஒரு காமிரா, நூறடிச் சுருள் ஒன்றே ஒன்று. மூன்று நிமிஷம்கூட வராது. காமிரா உன் கையில். எதை எடுப்பது என்று சொல்வதும் சுருளைப் போடுவதும் என் வேலை. ஊரூர் குப்பத்து மணலில் நின்றுகொண்டு, அலையை எடு, வலையை எடு, அதோ நண்டு என்று நான் கத்தக் கத்த, நீ திரும்பித் திரும்பி எடுத்தாய். திரையில் பார்த்தபோது எனக்கே தலை சுற்றியது. விளக்கைப் போட்டுவிட்டு சார் சொன்னார்: "கடல் ஆடலாம். நீங்க ரெண்டு பேரும் எதுக்குடா ஆடறேள்?" வகுப்பே சிரித்தது. நான் சுருண்டுபோனேன். நீயோ எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாய்.

வெறும் ஓட்டம் என்ற வழக்கத்தை அதற்குப் பிறகுதான் நீ கண்டுபிடித்தாய். எந்தக் காட்சியானாலும் முதலில் ஃபிலிம் போடாமல் காமிராவை ஓட்டிப் பார்ப்பது. கை நின்று, கண் நின்ற பிறகுதான் சுருளைப் போடுவது. காமிரா கிடைக்காத நாட்களில் பிஸ்கட் டின்னில் சதுரமாக ஓட்டை வெட்டிக்கொண்டு லஸ் முனையில் நின்றோம். வருகிற டிராமோடு கூடவே திரும்ப வேண்டும், முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. "இன்னாபா, டப்பாவ மூஞ்சில வச்சிகினு டிராம மொறைக்கிறே?" என்று பூக்காரி கேட்டாள். "பழகிக்கினு கீறேன்கா" என்றாய் கொஞ்சமும் கூச்சமில்லாமல். எனக்குத்தான் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று உதறல்.

இரண்டாவது படத்தை மாம்பலம் ஸ்டேஷனில் எடுத்தோம். ரயில் போன பிறகு காலியாகிற பிளாட்பாரத்தில், வண்டியைத் தவற விட்ட ஒரு கிழவர் குடையை ஊன்றி உட்காருவதை நீ அசையாமல் எடுத்திருந்தாய். சார் அந்த இடத்தை இன்னொரு தடவை போடச் சொன்னார். "இப்பத்தான் பாக்க ஆரம்பிச்சிருக்கேள்" என்றார். அவர் சொன்னது உன்னை. நாம் இரண்டு பேரும் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

கடைசிப் படம் பரீட்சை. யாருடைய படம் தேறுகிறதோ, அந்த ஜோடியில் இரண்டு பேரையுமே ஸ்டூடியோவுக்குச் சிபாரிசு செய்வதாக சார் சொல்லியிருந்தார். எங்கள் ஆத்தில் அப்பா கெடு வைத்திருந்தார். "கூத்தாடிண்டு திரிஞ்சது போறும். தேறலேன்னா மாமா ஆபீஸ்ல கிளார்க்கா போய் உக்காரு." இதை உன்னிடம் நூறு தடவையாவது புலம்பியிருப்பேன். உனக்கும் ஆசை இருந்ததா என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்டதில்லை.

குப்பத்தில் புதுப் படகு ஒன்று கடலில் இறங்கப் போகிறது. அதோடு படத்தை முடிப்பது என்று தீர்மானித்தோம். ஒரே தடவைதான் இறங்கும், திரும்ப எடுக்க முடியாது. அன்று காலை சாரும் வந்து மணலில் நின்றார். வெறும் ஓட்டம் முடித்துவிட்டு, "போட்டுரு நைனா" என்று காமிராவை என்னிடம் தந்தாய். அதற்குள் மஞ்சள், குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்துவிட்டார்கள். நான் பெரிய டைரக்டர் ஆயிற்றே! காமிராவை முக்காலியில் மாட்டிவிட்டு, குறுக்கே வருகிறவர்களை விரட்ட ஓடினேன். சுருள் என் தோள் பையிலேயே இருந்தது. நீ அங்கிருந்து கத்திக் கேட்டாய்: "ஃபிலிம் போட்டியா?"

"ஆச்சு, ஆச்சு! ஓட்டு!"

ஓட்டினாய். அந்த மாதிரி நீ எடுத்து நான் பார்த்ததில்லை. இருபது பேர் ஏலேலோ என்று தள்ள, படகு மணலை விட்டு நகர்ந்து, முதல் அலையில் மூக்கைத் தூக்கி, இரண்டாவது அலையைத் தாண்டுகிறவரை அதோடு கூடவே திரும்பினாய். உன் கையில் ஒரு நடுக்கம் இல்லை. சாரே கை தட்டினார். சுருளைக் கழற்றுவதற்காகக் காமிராவைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமில்லை.

சார் எட்டிப் பார்த்தார். "யாருடா இது?"

நான் வாயைத் திறப்பதற்குள், இல்லை, பொய் எதற்கு, எனக்கு நேரம் இருந்தது, நான் திறக்கவில்லை. நீதான் சொன்னாய்: "நான்தான் சார். வெறும் ஓட்டம் பாக்கச் சொல்லோ சுருளைக் கழட்டினேன். திரும்பப் போட மறந்துட்டேன்."

தப்பு உன்னுடையது என்று ஆகிவிட்டதால் என் சிபாரிசை நிறுத்தவில்லை. உன்னை மட்டும் மறுவருஷம் வந்து மறுபடி படம் எடுக்கச் சொன்னார்கள். குளக்கரைப் பக்கம் நடந்து வரும்போது, ஏண்டா அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "ஒங்க வூட்ல ஒன்னை வுட மாட்டாங்க நைனா. எனக்கு எங்க அத்தா தையல் கடைல எடம் கீது" என்றாய், பஸ்ஸில் எனக்கு இடம் விடுகிற மாதிரி. மறுவருஷம் நீ வரவில்லை. கூப்பிட நானும் வரவில்லை. ஸ்டூடியோவில் வேலை, தலைக்கு மேல் வேலை என்று சொல்லிக்கொண்டேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். இப்போது நாள் முழுக்கக் காமிரா பக்கத்தில்தான் நிற்கிறேன். ஃபிலிம் இருக்கிற காமிராவுக்கு ஒரு சத்தம், காலிக் காமிராவுக்கு வேறு சத்தம். என் மந்தக் காதுக்கே அது தெரிகிறது. நீ காதைக் காமிராவில் ஒட்டிக்கொண்டு நின்றவன். ஓடின மறு நொடியே உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் நிறுத்தாமல், என்னைத் திரும்பிப் பார்க்காமல், கடைசிவரை எடுத்தாய். எதற்காக? யாருக்காக? சட்டையைப் பிடித்து உலுக்கி, என்னை ஏன்டா காப்பாற்றினாய் என்று கேட்க வேண்டும் போலிருக்கிறது. உன் மேல் எனக்கு அவ்வளவு கோபம். என்னைக் கோழையாகவே விட்டுவிட்டுப் போய்விட்டாய்.

உன்னை அடக்கம் செய்த மூன்றாம் நாள் உன் அப்பாவின் தையல் கடைக்குப் போனேன். விஷ ஜுரம் பத்து நாளில் முடித்துவிட்டது என்று அத்தா சொன்னார். தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். சின்ன வயசுலேர்ந்து அவன் எதையும் மறந்ததில்ல. பித்தான் எந்த டப்பால கீதுன்னு அவனத்தான் நான் கேப்பேன். பரிச்சைல ஃபிலிம் போட மறந்துட்டேன்னு சொன்னான். எனக்கு மனசு ஒப்பல. நீ கூட இருந்தியே. நெசமாவா மறந்தான்?"

கடையில் நாங்கள் இரண்டு பேர்தான். என் அப்பாவின் கெடு இல்லை, சார் இல்லை. என் வேலைக்கும் இனி ஒன்றும் ஆகிவிடாது. உண்மையைச் சொல்ல எனக்கு எந்தத் தடையும் இல்லை.

"ஆமாம், அத்தா. அன்னிக்கு ஒரு நாள் மறந்துட்டான்" என்றேன்.

"அப்ப சரி" என்று மெல்லச் சொல்லிவிட்டு மிஷினை மிதிக்க ஆரம்பித்தார். முதல் தடவை பழியை நீயாக எடுத்துக்கொண்டாய். இந்தத் தடவை உன் மேல் போட்டவன் நான்.