துப்பாக்கிக்கு முன் கேட்ட கைதட்டல்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முதுகுவலி தேவலையா? போனில் பேசினால் அம்மா என் குரலை வைத்தே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவாள். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று நான் சேர ஆசைப்படும் அந்தப் பல்கலைக்கழகத்தின் தேர்வாளர் எனது நூறு மீட்டர் ஓட்டத்தைப் பார்க்க வந்திருந்தார். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓட்டத்துக்கு ஒரே ஒரு பெண்ணைத்தான் எடுப்பார்களாம். என் மார்க்கை மட்டும் நம்பினால் அந்த வாசலைக்கூட மிதிக்க முடியாது.

கோட்டில் குனிந்து துப்பாக்கிச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். கூட்டத்தில் யாரோ பட்டென்று ஒருமுறை கைதட்டினார். நான் பாய்ந்துவிட்டேன்! சின்ன வயதிலிருந்து நம் தெருவில் நீங்கள் கைதட்டித்தானே என்னை ஓடவிட்டீர்கள்? திரும்பிப் பார்த்தால் மற்றவர்கள் எல்லாம் குனிந்தபடியே இருக்கிறார்கள். முந்திப் புறப்பட்டதற்காக என்னை வெளியேற்றிவிட்டார்கள்.

"நீ ஓட வந்தியா, பஸ் பிடிக்க வந்தியா?" என்று எங்கள் கோச் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். தேர்வாளர், "பாக்கலாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். அடுத்த மாதம் இன்னொரு ஓட்டம் இருக்கிறது. அதற்கு அவர் கூப்பிட்டால்தான் எனக்கு வாய்ப்பு உண்டு. அம்மாவிடம் மூச்சு விடாதீர்கள்.

விடுதியில் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. ஒரே ஒரு உதவி, அப்பா. நீங்கள் கைதட்டுவதைப் போனில் பதிவு செய்து அனுப்புங்கள். அதைக் கேட்டும் அசையாமல் நிற்கப் பழகச் சொல்கிறார் கோச். நடுவில் எதுவும் பேசிவிடாதீர்கள். உங்கள் குரலும் கேட்டால் நான் நிற்க மாட்டேன்.

உங்கள் மகள்