டிஸ்கில் தடவிய எண்ணெய்

கடலூர் முதுநகர்,
தை மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் அனுப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சாப்பிட்டுத் தூங்கி சௌக்கியமாக இருக்கிறோம், அங்கே மணாலிக் குளிரில் நீயும் உன் தோள்பட்டையும் தேறி வர வேண்டும் என்று அந்த நடராஜரைக் கும்பிட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். கைக்குள்ளேயே போன் இருக்கும்போது அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். வாயால் சொல்ல வெட்கமாக இருக்கிறது அனு, அதனால்தான். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மலை இறக்க சைக்கிள் பந்தயத்தில் நீ விழுந்து காறை எலும்பு உடைந்ததே, அது உன்னால் இல்லை, என்னால்.

நீ மணாலிக்கு வேலைக்குப் போகும்போது, பின்னால் பார்சலில் அனுப்பச் சொல்லி அந்த சைக்கிளை இங்கே விட்டுப் போனாய் அல்லவா. ஆயுத பூஜை முடியட்டும், பூஜை போடாமல் வண்டியை மலைக்கு அனுப்பக் கூடாது என்று வைத்திருந்தேன். கடலூர் சிதம்பரம் ரூட்டில் பஸ் ஓட்டிய காலம் முழுக்க அப்படித்தானே செய்தேன். நம் ஊர் உப்புக்காற்றும் உனக்குத் தெரியும், வாசல் கேட்டின் கீலில் இருந்து அரிவாள்மணை வரை எண்ணெய் காட்டாவிட்டால் துரு ஏறிவிடும். சக்கரத்து நடுவில் அந்த வட்டத் தகடு பளபளவென்று இருந்தது, முதலில் இதுதான் துருப் பிடிக்கும் என்று தேங்காய் எண்ணெய்த் துணியால் முன்னாலும் பின்னாலும் அழுத்தித் துடைத்தேன். அதைக் கவ்விப் பிடிக்கிற இடத்திலும் சிக்காமல் ஓடட்டும் என்று சொட்டுச் சொட்டாக விட்டேன். மேலே சந்தனம் குங்குமம் வைத்து, உன் அம்மாவைக் கூப்பிட்டு, இப்பதான் வண்டி லட்சணமா இருக்கு என்று பீற்றிக்கொண்டேன். பிரேக்கில் எண்ணெய் பட்டால் பிடிக்காது என்று தெரியாத ஆளா நான்? தெரியும். ஆனால் பஸ்ஸில் அது டிரம்முக்குள் மூடிக் கிடக்கும். இது திறந்து கிடந்ததால் ஏதோ அலங்காரத் தகடு மாதிரி கண்ணில் பட்டதே தவிர, நீ சொல்லும் டிஸ்க் பிரேக் இதுதான் என்று புத்தியில் ஏறவில்லை. நீ எத்தனை தடவை உட்கார வைத்து விளக்கியிருக்கிறாய், நான் டிவியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டியிருக்கிறேன்.

அந்த வண்டியை நீ சேர்த்த பாடு எனக்குத் தெரியும். முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க் எவ்வளவு அமுங்க வேண்டும், பின்னால் காற்று ஷாக்கா கம்பிச் சுருள் ஷாக்கா, பாறையில் கிழியாத தடித்த டயரா, கை அகட்டிப் பிடிக்க எவ்வளவு நீள ஹேண்டில்பார் என்று ஒவ்வொன்றுக்கும் நாள் கணக்கில் யோசித்தாய். மாப்பிள்ளை பார்த்தால்கூட இவள் இவ்வளவு விசாரிக்க மாட்டாள் என்று நான் கேலி செய்தேன். பிரேக்குக்கு மட்டும் நீ யோசிக்கவே இல்லை, இருப்பதிலேயே பெரிய தகடும் அழுத்தமாகக் கவ்வுகிற பிரேக்கும்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாய். அதைத்தான் நான் கெடுத்தேன்.

பந்தயத்தன்று மழைத் தூறல், தகட்டைக் கவ்வும் பிரேக் பேட் வேறு புதுசு, அதனால்தான் கீச்சென்று கத்துகிறது, போகப் போகப் பழகிவிடும் என்று நினைத்ததாகச் சொன்னாய். விழுந்த பிறகு, பயத்தில் கை உறைந்துபோய் லேட்டாகப் பிடித்துவிட்டேன், எனக்கு இந்தச் செங்குத்தெல்லாம் சரிப்படாதுப்பா என்று அழுதாய். நான் என்ன செய்தேன் தெரியுமா, சிதம்பரத்துக்குப் போய், உன் சைக்கிளைப் பார்சல் கட்டிக் கொடுத்த உன் காலேஜ் தோழன் சார்லஸை அவன் சைக்கிள் கடை வாசலில் நிற்க வைத்து, நீ போல்ட்டை ஒழுங்கா முறுக்காமதான் எம் பொண்ணு விழுந்தா என்று வாடிக்கையாளர் எல்லாம் பார்க்கச் சத்தம் போட்டேன்.

மாட்டுப் பொங்கலுக்குச் சிதம்பரத்தில் உன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளை சேரன் புது பைக் வாங்கியிருக்கிறார். மாடு இல்லாத வீட்டில் வண்டிதானே மாடு, கழுவித் துடைத்துப் பொட்டு வைத்தேன், முன் சக்கரத் தகட்டுக்கும் அதே எண்ணெய்த் துணி. அப்புறம் வாழைப்பழம் வாங்க நான்தான் எடுத்துக்கொண்டு போனேன். பஸ் ஸ்டாண்டு முக்கில் ஆட்டோ திரும்பியது, பிரேக்கை அழுத்தினேன், கீச்சென்று ஒரு சத்தம் வந்ததே தவிர வண்டி பிடிக்கவே இல்லை. போய் இடித்துவிட்டேன். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆட்டோக்காரர், பெருசு, பிரேக் புடிக்கத் தெரியாதா என்று கேட்டார், ஊரே சிரித்தது. நான் கையைப் பார்த்தபடி நின்றேன். ஆயுசு பூரா பிரேக் மிதித்தவன், என் கை சரியாகத்தான் பிடித்தது. அப்போதுதான் நீ சொன்ன அந்தக் கீச்சுச் சத்தம் என்ன என்று புரிந்தது அனு.

வீட்டுக்குப் போகவில்லை, நேராக சார்லஸ் கடைக்குப் போனேன். அன்றைக்கு எந்த இடத்தில் திட்டினேனோ அங்கேயே நின்று, தப்பு என்னுதுப்பா, மன்னிச்சுக்கோ என்றேன். அவன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். "என்னை வுடுங்கப்பா. அனு அவுங்க கையைத்தான் குத்தம் சொல்லிக்கிட்டு கெடக்குறாங்க. அவுங்ககிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டான். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அந்த வண்டியை விற்றுவிட்டு, ஏற்றத்திலும் மிதிக்கிற மாதிரி லேசான வண்டி எடுக்கப் போவதாக அம்மாவிடம் சொன்னாயாம். விற்காதே. எண்ணெய் குடித்த பேட் இனி உதவாது, இரண்டு பக்கமும் புதிதாக மாற்று, தகட்டை ஸ்பிரிட் போட்டுத் துடை, சமமான இடத்தில் ஓட்டி பிரேக்கைப் பிடித்துப் பிடித்துப் பழக்கு என்று சார்லஸ் சொல்லச் சொன்னான். எனக்குத் தெரிந்த மாதிரி நான் சொல்லவில்லை, அந்த யோக்கியதை போய்விட்டது. பழக்கிய பிறகும், வண்டியை ஜீப்பில் ஏற்றிப் போய் மேலிருந்து இறங்குவதைவிட மிதித்து ஏறி இறங்கத்தான் பிடிக்கிறது என்றால் தாராளமாக மாற்றிக்கொள், அது உன் இஷ்டம். உன் கை மேல் சந்தேகப்பட்டு மட்டும் ஒரு வண்டியைத் தேர்ந்தெடுக்காதே. டாக்டர் சொல்லும்வரை ஏறவும் ஏறாதே.

அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை, கருவாடும் ஊறுகாயும் தனியாக அனுப்புகிறாள், அவளிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. நீ எல்லா மலையும் இறங்கி நூறு வயசு நல்லபடியாக இருக்க வேண்டும். சார்லஸுக்கு ஒரு போன் போடு. மாட்டுப் பொங்கலில் இருந்து இத்தனை நாளாக உன் போன் வந்தால் குளிக்கிறேன், தூங்குகிறேன் என்று அம்மாவிடம் தள்ளிவிட்டது, உன் கை உறைந்ததைப் பற்றி நீ மறுபடி சொல்லிவிடுவாயோ என்ற பயத்தில்தான். இதைப் படித்ததும் என் நம்பருக்கே கூப்பிடு. எவ்வளவு திட்டினாலும் வைக்காமல் கேட்பேன்.

இப்படிக்கு,
தலை குனிந்து நிற்கும் உன் அப்பா,
கண்ணாயிரம்.