மறுகரைப் பெண்ணின் குரல்

அன்பு நெலிதாவுக்கு,

நீயும் மகளும் நலமா? எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. படகு கவிழ்ந்த கதை காதில் விழுந்தால் பயப்படாதே, இடுப்பளவுத் தண்ணீர்தான்.

நாங்கள் ஒப்பிடும் எறும்புக்கீச்சான் பறவைகள் ஆற்றின் கரைக்கு ஓர் இனம். இரண்டு இனத்து ஆண்களுக்கும் ஒரே கறுப்பு வெள்ளை வரி. பெண்களின் நிறமும் குரலும்தான் வேறு. ஆண் பாடினால் அதன் பெண் பதில் பாடும். அடுத்த இனத்துப் பெண் பாடினால் ஆண் திரும்பியும் பார்க்காது.

காடு வெட்டிய எங்கள் கரையில் ஓர் ஆண்தான் மிச்சம். பாடும், பெண்ணுக்காக இடைவெளி விடும், மறுபடி பாடும். நேற்று மறுகரைப் பெண்ணின் குரலை ஒலிபெருக்கியில் போட்டேன். பறந்து வந்து பெட்டியையே சுற்றியது.

படகோட்டி அப்னேர் சிரித்தார். "எவ கூப்பிட்டாலும் போதும்னு ஆயிட்டான் பாருடா!"

நான் பெட்டியை நிறுத்தினேன். பறவை போகவில்லை.

இரண்டு ஜோடி காலுறை வேண்டும், எல்லாம் மக்கிவிட்டன. கொஞ்சம் வறுத்த மரவள்ளி மாவும் அனுப்பு. தபால் லாஞ்சு ஊதுகிறது, முடிக்கிறேன். இது ஐந்தாவது கடிதம். பதில் எழுத மனமில்லை என்றால் காலுறையை மட்டும் அனுப்பு. பொட்டலத்தின் மேல் என் பெயரை நீயே எழுது.

உன்
அலிபியோ