ஆடியும் ஏழாம் மாதமும்

மில்பிடாஸ்,
6 பிப்ரவரி 2026

அன்புள்ள தம்பி கருப்பசாமிக்கு,

அக்கா கலாவதி எழுதுவது. நீயும் விஷாகாவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்படிச் சொல்வதற்கில்லை. போனில் பேசினால் பக்கத்து அறையில் தென்றலுக்குக் கேட்கிறது. அதனால்தான் எழுதிப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன்.

போன வாரத்தோடு அவளுக்குக் கீமோவை நிறுத்திவிட்டார்கள். இனி வீட்டிலேயே வைத்து வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். எத்தனை நாள் என்று மாப்பிள்ளை வெய் கேட்டதற்கு, மாதக்கணக்கு இல்லை, வாரக்கணக்கு என்றார் டாக்டர். என் வயிற்றில் பிறந்தவளுக்கு முப்பத்துநாலு வயதுதான் ஆகிறது, தம்பி.

சம்பந்தியம்மா இங்கேயேதான் இருக்கிறார். சீனர்கள் வருஷத்தை இருபத்துநாலு பருவமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சாப்பாடு வைத்திருக்கிறார்கள். பெருங்குளிர் என்று ஜனவரியில் ஒன்று வந்தது. இஞ்சி தட்டிப் போட்டு ஆட்டெலும்பு சூப் காய்ச்சினார். முந்தாநாள் வசந்தம் பிறந்துவிட்டதாம், இனி உடம்பு தேறும் என்று மெல்லிய ரொட்டியில் காய் சுற்றிக் கொடுத்தார். தென்றல் ஒரு வாய் கடித்தாள், உடனே வாந்தி. அந்தம்மா தட்டை எடுத்துப்போய்க் கழுவிக்கொண்டே நின்றார். குழாயில் தண்ணீர் வெகுநேரம் ஓடியது. அவர் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

உனக்கு முழுக்கதை தெரியாது. குடலில் கட்டி என்று தெரிந்ததும் போன வருஷம் ஜூலை இருபத்தொன்பதுக்கு ஆபரேஷன் குறித்தார்கள். ஆடியில் கத்தி வைக்கலாமா என்று உன்னைக் கேட்டேன். நீ வேண்டாம் என்றாய். கேட்டது நான்தான், நீ மனதில் வைத்துக்கொள்ளாதே. சம்பந்தியம்மா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை, உங்கள் வழக்கம் முக்கியம் என்றார். ஆகஸ்ட் இருபத்தாறுக்குத் தள்ளிவைத்தோம். அப்புறம் அவர் தயங்கித் தயங்கி வந்து சொன்னார், இருபத்துமூன்றாம் தேதி அவர்களுடைய ஏழாம் மாதம் பிறக்கிறதாம். செத்தவர்கள் வெளியே உலவுகிற மாதம், ஆபரேஷன் கூடாதாம். நமக்காக அவர் பொறுத்தாரே, அவருக்காக நான் எப்படி முடியாது என்பது? மரியாதைக்குத் தலையாட்டிவிட்டேன். போன வருஷம் அவர்கள் நாள்காட்டியில் அதிக மாதம் ஒன்று சேர்ந்து, ஆறாம் மாதம் இரண்டு முறை வந்ததாம். இல்லாவிட்டால் ஏழாம் மாதமும் ஆகஸ்ட் இருபத்திரண்டோடு முடிந்திருக்கும்.

அந்த மாதமும் கழிந்து, செப்டம்பர் இருபத்துமூன்றில் வயிற்றைத் திறந்தபோது கல்லீரல் வரை போயிருந்தது. முன்னமே போயிருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். நல்ல மனிதர், பொய் சொல்கிறாரோ என்னவோ.

நானும் சம்பந்தியம்மாவும் இதைப் பற்றி இன்றுவரை பேசிக்கொண்டதில்லை. ஒருநாள் தென்றலின் காலைப் பிடித்துக்கொண்டு நான் அழுதுவிட்டேன். அவள் சொன்னாள்: "ரெண்டு அம்மாவும் கேலண்டர் பாத்தீங்க. ஹாஸ்பிடலுக்கு கால் பண்ணி டேட் மாத்தினது நான்தானேம்மா. யாரு மனசும் கஷ்டப்பட வேணாம்னு நெனச்சேன்."

பதினேழாம் தேதி அவர்களுக்குப் புத்தாண்டு. அன்றைக்குத் துடைப்பம் எடுக்கக் கூடாது, அழக் கூடாது. மாப்பிள்ளை இப்போதே வீட்டைக் கூட்டித் துடைத்து முடித்துவிட்டார். அவள் படுத்திருக்கும் அறைக்குள் மட்டும் போகவில்லை.

தம்பி, பயணத்துக்கு இருபதாம் தேதிதான் நல்ல நாள் என்று டிக்கெட் போட்டிருப்பதாக விஷாகா சொன்னாள். மாமா இருபதாம் தேதி வருகிறார் என்று தென்றலிடம் சொன்னேன். மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள் போல. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டிக்கெட்டை இன்றைக்கே மாற்று. ராகுகாலமோ அஷ்டமியோ, எதில் கிடைத்தாலும் ஏறிவிடு. கண் திறந்திருக்கும்போது அவள் உன்னைப் பார்க்க வேண்டும்.

நீயும் உன் பிள்ளைகளும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா,
கலாவதி