மீட்டருக்குத் தெரியாத காற்று

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் மகளும் இங்கே நன்றாக இருக்கிறோம், படகும் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது, நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ, படகும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், நடு ஏரியில நிக்கிற பொழப்பு எதுக்கு, அவளை இங்க அனுப்பிடும்மா என்றாய். நான் முக்கியமான ஒன்றைச் சொல்ல வாயெடுத்தேன், வழக்கம்போல உன் போன் பாதியில் செத்துப்போனது. அதுவும் நல்லதுக்குத்தான். போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், கடிதம் என்றால் கடைசிவரை கேட்டுத்தானே ஆக வேண்டும். ஐந்தாம் வகுப்பு எழுத்து, கோணல் மாணலாக இருந்தாலும் பொறுத்துப் படி.

உன் மகளை நீ இன்னும் சுண்டெலி என்றுதான் கூப்பிடுகிறாய், நானும் அப்படித்தான். ஆனால் ஏரியைக் கடக்கிற முப்பது பேரும் அவளை கேப்டன் என்கிறார்கள். கிண்டலாக ஆரம்பித்தது, இப்போது யாருக்கும் அது கிண்டல் என்று ஞாபகமே இல்லை. அவள் சுக்கானைப் பிடித்தபடி முன்னால் நிற்பாள், நான் பின்னால் ஏறும் வழியில் உட்கார்ந்து டிக்கெட் கிழித்துக் கொடுப்பேன். டீசல் இன்ஜினைக் கழற்றிவிட்டு லித்தியம் பேட்டரி வைத்த பிறகு படகில் சத்தமே கிடையாது, தண்ணீர் விலகுகிறது மட்டும்தான் காதில் விழும். பழைய கறுப்பு பேட்டரி என்றால் தீரப்போகும்போது விளக்கு மங்கும், மோட்டார் முனகும், நமக்குத் தெரிந்துவிடும். இந்த லித்தியம் அப்படி இல்லை, பசித்தாலும் வயிறு நிறைந்தாலும் ஒரே முகம், உன் அப்பா மாதிரி. தீருகிற நிமிஷம்வரை தெம்பாக இருந்துவிட்டுப் பட்டென்று அணைந்துவிடும். அதனால் முகத்தைப் பார்த்துப் பிரயோஜனமில்லை, உள்ளே எவ்வளவு போகிறது வெளியே எவ்வளவு வருகிறது என்று எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காக பேட்டரியின் மைனஸ் முனையிலிருந்து வருகிற கம்பியில் விரல் நீளத்துக்கு ஒரு பித்தளைக் கட்டை வைத்திருக்கிறார்கள், நாங்கள் அதை வாசல்காரன் என்போம். போகிறதும் வருகிறதும் அவனைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அவன் எண்ணிச் சொல்வதைத்தான் சுக்கான் பக்கத்திலுள்ள மீட்டர், நூற்றுக்கு இத்தனை மிச்சம், இந்த நிமிஷம் இத்தனை வெளியே போகிறது என்று காட்டும்.

படகு நின்ற கதையை அவள் உன்னிடம் இரண்டு வரியில் சொல்லியிருப்பாள். நான் முழுசாகச் சொல்கிறேன். காலையில் முதல் நடை, நல்ல பனி, கை நீட்டினால் விரல் தெரியாத பனி. ஏரிக்கு நடுவில் போய்க்கொண்டே இருந்தோம், திடீரென்று போகவில்லை. ஒரு குலுக்கல்கூட இல்லை. அணிந்திருந்த சட்டையை யாரோ மெதுவாகக் கழற்றினதுபோல அந்தத் தண்ணீர் விலகுகிற சத்தம் மட்டும் காற்றிலிருந்து போய்விட்டது. இந்தக் கரையும் இல்லை, அந்தக் கரையும் இல்லை, மேலும் கீழும் ஒரே வெள்ளை. பயணிகள் கத்துவார்கள் என்று நினைத்தேன், யாரும் கத்தவில்லை, கோவிலுக்குள் பேசுவதுபோல எல்லார் குரலும் தானாகத் தணிந்தது. ரொட்டிக்காரர் தன் கூடைத் துணியை விலக்கினார், அந்தச் சூட்டு வாசனை படகு முழுக்கப் பரவி அப்படியே நின்றது, எங்கே போக, காற்றே இல்லையே. எங்கிருந்தோ ஒரு பறவை ஒரே ஒரு தடவை கூப்பிட்டது. உண்மையைச் சொல்கிறேன் அம்மாடி, இத்தனை வயசில் அந்த அரைமணி நேரம் போல நான் எங்கேயும் இருந்ததில்லை. கண் திறந்திருக்கும்போதே தூங்குகிற மாதிரி. ஆனால் முன்னால் உன் மகள் மீட்டரையே வெறித்துக்கொண்டு நின்றாள். மோட்டார் நிற்பதற்குச் சற்றுமுன் அதில் நாற்பத்தொன்று இருந்ததாம், இப்போது அதுவும் இருட்டாகிக் கிடந்தது. மீன்காரர் ஒருவர் துடுப்புப் படகில் வந்து கயிறு கட்டி எங்களைக் கரைக்கு இழுத்துவிட்டார்.

பேட்டரி விற்றவர் வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார். சரக்கு சுத்தம், பொண்ணுதான் மீட்டரைச் சரியாப் பாத்திருக்காது, பதினாலை நாப்பத்தொண்ணுன்னு படிச்சிருக்கும் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் உன் மகள் அதை நம்பிவிட்டாள். ஒருவேளை அப்படித்தான் படிச்சேனோ பாட்டி, முப்பது பேர் உசிரு, எனக்கு என் கண்ணு மேலயே நம்பிக்கை போச்சு என்றாள். அன்றைக்கே கட்டில்மேல் பையைத் திறந்து வைத்தாள். உன்னிடம் வருகிறேன் என்று அவள் சொன்னது ஆசைப்பட்டு இல்லை, தன்னைத் தானே பிடிக்காமல் போய்.

மறுநாள் படகு துறையில் சும்மா கிடந்தது. கொஞ்சம் சார்ஜ் ஏற்றி வைத்திருந்தோம். மத்தியானம் நான் மட்டும் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். வெயில் தண்ணீரில் பட்டுப் படகின் கூரைக்கு அடியில் வலை மாதிரி ஆடிக்கொண்டிருந்தது, எல்லாச் சுவிட்சும் அணைந்திருந்தது, மீட்டரில் வெளியே போகிற கரண்ட் பூஜ்யம். வேர்த்தது. தலைக்குமேல் இருக்கிற என் சின்ன ஃபேனைப் போட்டேன். முடி பறக்கிறது, டிக்கெட் கட்டு படபடக்கிறது, கண் சொக்குகிறது. அரைத்தூக்கத்தில் மீட்டரைப் பார்க்கிறேன், இன்னும் பூஜ்யம். அணைத்தேன், பூஜ்யம். போட்டேன், பூஜ்யம். இவ்வளவு காற்று வருகிறது, கணக்கில் வரவில்லை. எழுந்து ஃபேன் கம்பியை விரலால் தடவிக்கொண்டே பேட்டரிப் பெட்டிவரை போனேன். அந்தக் கறுப்புக் கம்பி வாசல்காரனிடம் போகவே இல்லை, நேரே பேட்டரி முனையிலேயே முறுக்கியிருந்தது. பின்வாசல் வழியாகப் போய் வந்திருக்கிறது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் அந்த ஃபேனை மாட்டச் சொன்னது நான். எலக்ட்ரீஷியன், கேப்டன்கிட்ட கேட்டுட்டு நாளைக்குச் செய்யறேன்மா என்றுதான் சொன்னார். நான்தான், அவகிட்ட என்ன கேக்கறது, அவளுக்கு மூக்குத் துடைச்சு விட்டவளே நான்தான், நடை கிளம்பறதுக்குள்ள மாட்டுப்பா என்று விரட்டினேன். இன்னொன்றும் இருக்கிறது. பேட்டரி நூறு வரை நிறைந்தால்தான் வாசல்காரன் பழைய தப்பையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக எண்ணுவானாம். லித்தியத்துக்கு எப்பவும் வயிறு முட்ட இருந்தால் ஆகாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தினமும் தொண்ணூறு காட்டியதும் பிளக்கைப் பிடுங்கினது யார்? அதுவும் நான்தான், ரொம்ப கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு. ஃபேன் ஒரு நாளைக்கு நூற்றுக்கு இரண்டு தின்றிருக்கிறது. மாட்டி இருபது நாள். இருபதை இரண்டால் பெருக்க என் படிப்பே போதும். மீட்டர் நாற்பத்தொன்று காட்டும்போது உள்ளே இருந்தது ஒன்று. உன் மகள் சரியாகத்தான் படித்திருக்கிறாள்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். கம்பியைச் சத்தமில்லாமல் பிரித்துவிட்டிருக்கலாம், பாட்டி என்கிற மரியாதை மிஞ்சியிருக்கும். வீட்டுக்கு நடக்கிற வழி முழுக்க அதையும் யோசித்தேன், பொய் சொல்லவில்லை. வந்து பார்த்தால் அவள் துணியை மடித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். நீ படிச்சது நாப்பத்தொண்ணுதான்டி, திருடி நான் என்றேன். படகுக்கு இழுத்துக்கொண்டு போய் ஃபேனைப் போட்டுக் காட்டினேன். அவளும் ஒருதரம் அணைத்துப் போட்டுப் பார்த்தாள். அப்புறம், இருபது நாளா நான் மீட்டரப் பாத்தேன், நீ என்னைப் பெருமையா பாத்துக்கிட்டு இருந்த, ரெண்டு பேரும் ஃபேனப் பாக்கல பாட்டி என்று சொல்லிச் சிரித்தாள், சிரிப்பு முடியும்போது அழுதாள். நானும்தான்.

இப்போது அந்தக் கம்பியை அவளே பிரித்து வாசல்காரனுக்கு அந்தப் பக்கம் சேர்த்துவிட்டாள், இனி ஃபேனும் அவனைத் தாண்டித்தான் ஆக வேண்டும். வாரத்துக்கு ஒருநாள் நூறு வரை ஏற்றுகிறோம். பிளக்கைத் தொட எனக்கு அனுமதி இல்லை. மறுபடி ஓடிய முதல் நடையில் பள்ளிக்கூட டீச்சர், கேப்டன், இன்னைக்கும் நடுவுல நிப்பாட்டுங்க, எனக்கு நோட்டுத் திருத்தற வேலை பாக்கி இருக்கு என்றாள், படகே சிரித்தது. கட்டில்மேல் பை இன்னும் திறந்துதான் இருக்கிறது, தினமும் ஒரு துணி அதிலிருந்து வெளியே வருகிறது, நான் பார்த்தும் பார்க்காததுபோல இருக்கிறேன். உன் மகள், உனக்கு மனசு தேடாதா, வந்து கொஞ்ச நாள் இருக்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் தோற்றவளாக அவளைக் கூப்பிடாதே. தப்பு உன் அம்மாவுடையது, திட்டுவதை எனக்கு எழுது. நேற்றுக் காலையும் பனி, வெள்ளைக்குள் மிதந்து போய்க்கொண்டிருந்தோம், நான் சும்மா ஃபேனைப் போட்டேன். முன்னால் மீட்டரில் வெளியே போகிற கணக்கில் ஏதோ ஒரு துளி கூடியிருக்க வேண்டும், அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், பனியில என்ன பாட்டி வேர்க்குது என்று கேட்டாள்.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுசோடு நிம்மதியாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. வரும் ஞாயிற்றுக்கிழமை அவளே உன்னிடம் பேசுவாள், நிறையப் பேசுவாள், அன்றைக்காவது உன் போனை நூறு வரை ஏற்றி வை.

என்றும் உன் நினைவோடு,
உன் அம்மா
(கேப்டனிடம் டிக்கெட் கிழிப்பவள்)